பிசையக் கூடாத மாவு

ஜூன் 2

சம்பந்தி அம்மாவுக்கு,

ரெண்டரை வருஷமாக நலம் விசாரிக்காதவள் இன்றைக்குத் திடீரென்று விசாரித்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உங்கள் மருமகள் சாப்பிட மாட்டேன் என்கிறாள். அடம் இல்லை, முடியவில்லை. ஏழாம் மாசம் பிறந்தும் வாந்தி நிற்கவில்லை. பூண்டு வாசம் ஆகாது, எண்ணெய் காய்ந்தால் ஆகாது, குக்கர் சத்தம் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பிள்ளைக்கு மாசத்துக்கு ஏற்ற எடை இல்லையாம். நடமாடக் கூடாது என்று டாக்டரம்மா படுக்கையில் போட்டுவிட்டார். 23-ம் தேதி திங்கட்கிழமைக்குள் இவள் எடை ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி வழியாகத்தான் சத்து ஏற்ற வேண்டுமாம். "எது தொண்டைக்குள்ள இறங்குதோ அதைக் கொடுங்கம்மா, மத்ததெல்லாம் அப்புறம்" என்கிறார்.

நான் இங்கே வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தொழிலாளர் விடுதிச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் அறுபது பேருக்குச் சமைத்துப் போட்டவள் நான், உங்களுக்குத் தெரியும். என் கைச் சாப்பாட்டுக்குத் தட்டை வழிக்காமல் எழுந்தவர் கிடையாது. பெரியவன் பிள்ளைகள் இரண்டையும் ஊட்டி வளர்த்தது இந்தக் கைதான், அதுகள் எப்படி இருக்கிறதுகள் என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவள், பெற்ற பெண்ணுக்கு ஒரு வாய் இறக்க வழி தெரியாமல் அடுப்படியில் நிற்கிறேன்.

நேற்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "அத்தை செய்வாங்களே, ஆப்பிள் வெச்சு மடிச்சு, கடிச்சா மொறுமொறுன்னு உதிருமே, அது இருந்தா சாப்பிடுவேன்னு தோணுதும்மா." மாப்பிள்ளை ஓடிப்போய் பேக்கரியில் வாங்கிவந்தார். உள்ளே கிரீம். அந்த வாசத்துக்கே ஓங்கரித்துவிட்டாள். உங்க அம்மா எப்படிச் செய்வார்கள் என்று அவரிடம் கேட்டேன். "அம்மா சூடா குடுப்பாங்க அத்தை, நான் சாப்பிடுவேன்" என்றார். இரண்டு பட்டம் வாங்கிய பிள்ளை.

அவளே உங்களுக்குப் போன் போடுகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். கேட்க வேண்டிய வாய் என்னுடையது. போனில் கேட்க அந்த வாய் வரவில்லை, அதனால் கடிதம். அஞ்சாவதோடு நின்ற கையெழுத்து, பொறுத்துப் படியுங்கள். செய்முறையை எழுதி அனுப்பவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


ஜூன் 5

மருமகளின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் கேட்கும்போதெல்லாம் என் மகன் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். இவ்வளவு இருக்கும் என்று தெரியாது.

நான் செய்து அனுப்பலாம் என்றால் அது பார்சலில் வரும் பண்டம் இல்லை. செய்த அன்றைக்கே சாப்பிட வேண்டும். "வந்து செய்து கொடுங்கள்" என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. செய்முறை மட்டும் எழுதுகிறேன்.

மாவு கடையில் வாங்குவது. ப்ரீசர் பகுதியில் இருக்கும், பஃப் பேஸ்ட்ரி என்று கேட்டால் தருவார்கள். பச்சைக் கவர். உங்களுக்கு அடையாளம் சொல்லத் தேவையில்லை. ரெண்டரை வருடம் முன்னால், அவர்கள் முதல் கல்யாண நாள் சாப்பாட்டின்போது, நீங்கள் குப்பைத்தொட்டியிலிருந்து இரண்டு விரலால் எடுத்து வந்து கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டினீர்களே, அதே கவர்தான்.

இரண்டு ஆப்பிளைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, ஒரு கரண்டி வெண்ணெய், மூன்று கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை பட்டைத் தூள் போட்டுச் சுண்டவைத்து ஆறவிடவும். மாவை உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக வெட்டி, நடுவில் ஒரு கரண்டி ஆப்பிள் வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு முக்கோணமாக மடித்து, முள்கரண்டியால் அமுக்கவும். மேலே முட்டை மஞ்சள் கரு தடவி, கத்தி முனையால் இரண்டு கீறல். ஓவனில் இருநூறு டிகிரி, இருபத்தைந்து நிமிடம்.

அவ்வளவுதான்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 10

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் செய்முறையில் ஏதோ கோளாறு. வரி தவறாமல் செய்தேன். வந்தது பலகாரம் இல்லை, செருப்பு அடிப்பாகம். தட்டில் போட்டால் டங் என்று சத்தம் கேட்டது.

கவரைப் பிரித்ததுமே எனக்குச் சந்தேகம்தான். ஐஸ் மாதிரி சில்லென்று, துணி மடித்து வைத்தாற்போல் தகடாக இருக்கிறது. மாவைத் தொட்டால் குழந்தை கன்னம் மாதிரி இருக்க வேண்டாமா. எந்தச் சோம்பேறிக் கம்பெனியோ பிசையாமலே உருட்டி அனுப்பிவிட்டது என்று நினைத்தேன். பாதி வேலை செய்த மாவை அப்படியே பெண்ணுக்குக் கொடுக்க எனக்கு மனசு வருமா. சூடு பறக்கக் கால் மணி நேரம் பிசைந்தேன். நன்றாக மெத்தென்று ஆனபிறகுதான் தேய்த்து, வெட்டி, நீங்கள் சொன்னபடி ஆப்பிள் வைத்தேன். ஆப்பிள் நன்றாகத்தான் வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

அவள் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள், அதுதான் எனக்கு ஆறவில்லை. இத்தனை நாளில் ஒரு சாப்பாட்டுக்காக அவள் எழுந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஒரு கடி கடித்தாள். பல்லில் பட்டது. தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, "பரவாயில்லம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்கப்புறம் இரண்டு நாள் தண்ணீரும் பழச்சாறும்தான். நேற்று எடை பார்த்தார்கள். முன்னூறு கிராம் இறங்கியிருக்கிறது.

என்னைப் பிடிக்காவிட்டால் என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். செய்முறையில் எதையாவது விட்டுவிட்டீர்களா என்று நன்றாக யோசித்து எழுதவும்.

உங்கள் மருமகளின் அம்மா


ஜூன் 13

சம்பந்தி அம்மாவுக்கு,

"கால் மணி நேரம் பிசைந்தேன்" என்ற வரிக்கு மேல் என்னால் சிறிது நேரம் படிக்க முடியவில்லை. ஆச்சரியத்தால் அல்ல. நீங்கள் பிசைவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு முன்னால் இரண்டு தாளைக் கிழித்தாகிவிட்டது.

போன கடிதத்தை முதலில் கிறுக்கலாக எழுதியபோது, "தயவுசெய்து பிசையாதீர்கள்" என்று ஒரு வரி இருந்தது. சுத்தமாகப் பார்த்து எழுதும்போது அதை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. மாவு என்று ஒன்றைக் கண்டால் கை வைக்காமல் உங்களால் இருக்க முடியாது. அந்தக் கல்யாண நாள் அன்றைக்கு, தட்டில் அடுக்கி வைத்திருந்தவற்றைக்கூட ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தீர்கள். ஒரு தடவை இவர்களும் தோற்றுப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். தோற்பது நீங்கள் என்று நினைத்தேனே தவிர, கடிப்பது அவள் என்று நினைக்கவில்லை. அந்த முன்னூறு கிராமும் என் கணக்கு.

இப்போது விடாமல் எழுதுகிறேன்.

அந்த மாவைக் கம்பெனியில் ஏற்கெனவே பிசைந்து, நடுவில் வெண்ணெய் வைத்து, தேய்த்து மடித்து, மறுபடி தேய்த்து மடித்து, நூற்றுக்கணக்கான அடுக்காக்கி அனுப்புகிறார்கள். நீங்கள் கண்ட தகடு அந்த அடுக்குதான். நான் சட்டை ஃபேக்டரியில் வெட்டும் மேஜையில் இருந்தவள். எண்பது அடுக்குத் துணி போட்டு ஒரே வெட்டாக வெட்டுவோம். அதற்குள் யாராவது இரண்டு கையையும் விட்டு உருட்டினால் எப்படி இருக்கும். நீங்கள் செய்தது அது.

முந்தின நாளே ப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே பத்து நிமிடம் போதும். பிசையாதீர்கள், அமுக்காதீர்கள், தட்டிக்கொடுக்கக்கூட வேண்டாம். கூரான கத்தியை மேலிருந்து நேராக இறக்குங்கள், இழுக்காதீர்கள். இழுத்தால் அடுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆப்பிள் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முட்டையை மேலே மட்டும் தடவுங்கள், வெட்டின ஓரத்தில் வழிந்தால் அந்த இடம் எழும்பாது. மடித்தபின் மறுபடி இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில். ஓவன் நன்றாகச் சூடேறின பிறகுதான் உள்ளே. இருபது நிமிடம் ஆகும்வரை கதவைத் திறக்காதீர்கள். கை சும்மா இருக்காவிட்டால் வேறு எதையாவது பிசையுங்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கேன்டீன் சமையல்காரர். அதற்கு முன்னால் ஒரு பிரெஞ்சு பேக்கரியில் வேலை பார்த்தவர். "மாவு செய்யறது அவங்க வேலை, அதுக்கு மூணு நாள் குளிர் ரூம் வேணும். நீ ஷிஃப்ட் முடிஞ்சு போற ஆளு. வாங்கிக்கோ. அதுக்கப்புறம் அதைக் கெடுக்காம இருக்கறது உன் வேலை" என்பார். சனிக்கிழமை மத்தியானம் ஷிஃப்ட் விட்டு வந்து மகனுக்குச் செய்வேன். அவன் வாரம் முழுக்கக் கேட்பான்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு உங்கள் பக்கத்து விருந்தாளி ஒருவர், "நீங்களே செஞ்சதா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முப்பத்தொரு வருடம் சட்டை வெட்டியிருக்கிறேன். போட்டுக்கொண்டு போகிறவர் யாரும் இதை வெட்டியது யார் என்று கேட்டதில்லை, காலரில் வேறு பெயர்தான் இருக்கும். முதல் தடவையாக ஒருவர் கேட்டார், ஆமாம் என்று சொல்லிப் பார்த்தேன். அரை நிமிடம்கூட இல்லை, நீங்கள் கவரோடு வந்து நின்றீர்கள். "சம்பந்தியம்மா கைப்பக்குவம் இதுல அச்சடிச்சிருக்கு, எல்லாரும் பாருங்க" என்றீர்கள். நன்றாகச் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான்.

மருமகள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 17

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கிழித்துப் போடத்தான் படித்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி சாப்பாட்டில் போய்ப் பழி தீர்த்திருக்கிறீர்களே என்று உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டாவது தடவை படிக்கும்போது, நீங்கள் அந்த வரியை எழுதியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்று யோசித்தேன். ஃபேக்டரிக்காரிக்கு மாவைப் பற்றி என்ன தெரியும் என்று பிசைந்துதான் இருப்பேன். அதனால் முன்னூறில் பாதியை என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று செய்தேன். சம்பந்தி அம்மா, வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான சமையல் நான் செய்ததில்லை. ஒன்றுமே செய்யக் கூடாது என்கிறீர்கள். மாவு மேஜைமேல் இருக்கிறது, பத்து நிமிடம் நான் அதைப் பார்க்கிறேன், அது என்னைப் பார்க்கிறது. கடைசியில் கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வந்து, "என்ன அத்தை, குளிருதா" என்கிறார். வெட்டும்போது முதல் வெட்டு இழுத்துவிட்டது, அப்புறம் சரியாகிவிட்டது.

ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்றும் இல்லை. சம்பந்தியம்மா இரண்டாவது தடவையும் நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ஓரத்தில் ஒரு கோடு விரிந்தது. அதற்கு மேலே இன்னொரு கோடு. புத்தகத்தை நிற்கவைத்தால் தாள் தாளாகப் பிரியுமே, அப்படி. கதவைத் திறக்கக் கை போனது, திறக்கவில்லை.

அவள் கடித்தாள். போர்வையெல்லாம் உதிர்ந்தது. மென்று, விழுங்கி, கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கெட்டைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன். "அத்தை செய்யற மாதிரி இல்ல" என்றாள். அப்புறம், "இன்னொண்ணு குடு" என்றாள். ஒன்றரை சாப்பிட்டாள். வெளியே வரவில்லை. சாயங்காலம் அரை டம்ளர் பால் குடித்தாள், அதுவும் தங்கிவிட்டது.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. வெட்டின ஓரத்துண்டுகளை என்ன செய்வது? உருண்டையாக்கிவிடலாம் என்று எடுத்தேன், பயந்து வைத்துவிட்டேன்.

உங்கள் மருமகளின் அம்மா


ஜூன் 20

சம்பந்தி அம்மாவுக்கு,

உருட்டாதது நல்லது. ஓரத்துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்குங்கள், லேசாகத் தேய்த்து, சர்க்கரை தூவி, இரண்டு பக்கமிருந்தும் நடுவுக்குச் சுருட்டி, வில்லை வில்லையாக வெட்டிச் சுடுங்கள். டீயோடு நன்றாக இருக்கும். அவளுக்குப் பிடிக்கும், பால் குடிக்கிறாள் என்றால் கூடவே இறங்கும்.

ஒன்றரை என்ற சொல்லை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அரையை யார் சாப்பிட்டார்கள்?

திங்கட்கிழமை காலையில் எத்தனை மணிக்கு எடை பார்ப்பார்கள்? தெரிந்து நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. ஆனாலும் தெரிந்தால் நல்லது. என் மகனிடம் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்பான்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 24

சம்பந்தி அம்மாவுக்கு,

எண்ணூற்றைம்பது கிராம் ஏறியிருக்கிறது. பத்தரை மணிக்குப் பார்த்தார்கள். டாக்டரம்மா இரண்டாவது தடவை ஏறி நிற்கச் சொன்னார், அப்போதும் அதேதான். "என்னம்மா குடுத்தீங்க" என்றார். "வெண்ணெய்" என்றேன். சிரித்துவிட்டு, ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வாரா வாரம் எடை மட்டும் பார்க்க வேண்டும். நேற்று இரண்டு வாய் சோறும் இறங்கியது. அரையைச் சாப்பிட்டது நான். கேட்டுவிட்டீர்களே என்று சொல்கிறேன்.

எழுத வந்தது அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு டீச்சரம்மா இவளைப் பார்க்க வந்தார்கள். நீங்கள் சொன்ன சுருள் வில்லைகள் தட்டில் இருந்தன. ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, அடுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏம்மா, இது நீங்களே செஞ்சதா" என்றார்கள்.

"ஆமா" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்தது மட்டும் இல்லை, நெஞ்சு நிமிர்ந்தே வந்தது. டீ போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போனேன். மேடைமேல் பச்சைக் கவர் கிடந்தது. எடுத்துச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் அடிவரை தள்ளி, மேலே ஆப்பிள் தோலைப் போட்டு மூடினேன். அவர்கள் டம்ளர் கழுவ உள்ளே வந்தால் தெரிந்துவிடுமே என்று. அப்போதுதான் கை நின்றது. தொட்டிக்குள்ளேயே நின்றது.

நீங்கள் அன்றைக்குக் கவரை மறைக்கக்கூட இல்லை. அது தொட்டியில் மேலாகவே கிடந்தது. அதனால்தான் என் கண்ணில் பட்டது. இதை ரெண்டரை வருஷமாக நான் யோசித்ததே இல்லை. நீங்கள் திருடவில்லை, நான்தான் திருடியைப் பிடித்தாற்போல் தூக்கிக்கொண்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் தெரியுமா? அன்றைக்குப் பதினோரு வகை நான் சமைத்திருந்தேன். நாலு மணியிலிருந்து நின்றேன். கூடத்தில் எல்லோர் வாயிலும் உங்கள் ஆப்பிள் பேச்சுதான். என் பெண்ணே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, எனக்கு ரெண்டு எடுத்து வைங்க" என்றாள். அது பொறுக்கவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

கவரைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். கழுவித் துடைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோய் டீச்சரம்மா முன்னால் வைத்தேன். "மாவு இது. மடிச்சது நான். சொல்லிக்கொடுத்தது என் சம்பந்தி" என்றேன். அவர்கள் கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். சிரிக்கவில்லை. இவள் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போனபிறகு, "அம்மா, அந்தக் கவரை ஃப்ரிட்ஜ்ல ஒட்டு" என்றாள். ஒட்டியிருக்கிறேன்.

கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் உங்களைச் சிறுமைப்படுத்தியது தப்பு. சிரித்தவர்கள் எல்லோரையும் மறுபடி கூட்டிவைத்துச் சொல்ல முடியாது, அதனால் கடிதத்தில் சொல்கிறேன், யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். இங்கே வாருங்கள். ஊருக்காக இல்லை, அவளுக்காகவும் இல்லை. அவளுக்கு நான் செய்வதே இறங்குகிறது. "அத்தை செய்யற மாதிரி இல்ல" என்று தினமும் சொல்லிக்கொண்டேதான் சாப்பிடுகிறாள். எதில் குறை என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் மருமகளின் அம்மா


ஜூன் 28

சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. தையல் மிஷின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

என் மகன் சிரித்ததுதான் எனக்கு ஆறாமல் இருந்தது. நேற்று அவனுக்குப் போன் போட்டுக் கேட்டேவிட்டேன். "எல்லாரும் சிரிச்சாங்கம்மா, என்ன செய்யறதுன்னு தெரியாம நானும் சிரிச்சேன்" என்றான். அப்புறம் அழுதான். முப்பத்துநாலு வயது. வந்து தலையில் ஒன்று வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் கவரை மறைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய மனசு ஒன்றும் இல்லை. அது மறைக்க வேண்டிய பொருள் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நீங்கள் தூக்கிக் காட்டிய பிறகுதான் தோன்றியது. அதற்கப்புறம் அந்தக் கடைப்பக்கமே போகவில்லை. ரெண்டரை வருடமாக நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. அதனால் எதில் குறை என்று என்னால் சொல்ல முடியுமா தெரியாது. என் கை மறந்திருக்கலாம். இப்போது நான் செய்தாலும் "அத்தை செய்யற மாதிரி இல்ல" என்பாளோ என்று பயமாக இருக்கிறது. உங்களிடம்தான் இதைச் சொல்ல முடிகிறது.

ஜூலை ஆறு, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி ரயிலில் வருகிறேன். வெட்டும் கத்தியை நானே கொண்டுவருகிறேன். கவர் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


ஜூலை 2

சம்பந்தி அம்மாவுக்கு,

மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். சின்ன அறையில் உங்களுக்குப் படுக்கை போட்டிருக்கிறேன், ஜன்னல் பக்கம். எனக்குக் கூடத்தில் படுத்தால்தான் தூக்கம் வரும், அதில் வாதம் வேண்டாம்.

கை மறக்காது. மறந்தால் நான் கெடுத்ததைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தச் செருப்பு அடிப்பாகம் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் டங் என்றுதான் கேட்கிறது.

இந்த வாரம் நானூறு ஏறியிருக்கிறது. பிள்ளை உதைப்பது வெளியே தெரிகிறது.

ஆப்பிளை ஞாயிறு காலையில் நறுக்கிச் சுண்டவைத்து ஆறவிடுகிறேன். இரண்டு பாக்கெட் மாவைச் சனிக்கிழமையே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவேன். அதற்கு மேல் நான் தொட மாட்டேன். கவரை நீங்கள் வந்து பிரியுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி